கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் 34: டீமை நடத்துபவர் காசு கொடுத்து எடுக்கலாமா?

டீம் லீடாகவோ மேனேஜராகவோ பொறுப்பேற்ற ஒருவர், ‘என் பலம் எது, எங்கே சறுக்குகிறேன்’ என்று பார்த்துக்கொள்ள நினைத்தால் முதலில் காதில் விழும் பெயர்களில் ஒன்று, கருத்துக்கணிப்புக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனமான கேலப்பின் கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ். உலகம் முழுக்க 3 கோடிப் பேருக்கு மேல் எடுத்த டெஸ்ட் இது. முதல் 5 பலங்களை மட்டும் காட்டும் ரிப்போர்ட் சுமார் 25 டாலர். டெஸ்ட் அளக்கும் 34 பலங்களையும் வரிசையாகக் காட்டும் முழு ரிப்போர்ட் சுமார் 60 டாலர், நம் காசில் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பலத்தைத் தெரிந்துகொள்ள இது நல்ல சாதனம். பலவீனத்தைத் தெரிந்துகொள்ள இது மட்டும் போதாது. போதாததற்கு, எடுத்தவர்களில் பலர் தங்கள் பலவீனத்தை இந்த ரிப்போர்ட்டில் தப்பான பக்கத்தில் தேடுகிறார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி 34-ஆம் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். டீமை உண்மையில் கஷ்டப்படுத்தும் குறை அனேகமாக முதல் 5-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இதை உருவாக்கிய டொனால்ட் கிளிஃப்டன் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். மனிதர்களிடம் என்ன கோளாறு என்று உளவியல் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களிடம் எது நன்றாக இருக்கிறது என்று ஆராயத் தொடங்கினார். அவர் ஆரம்பித்த நிறுவனம்தான் 1988-இல் கேலப்பை வாங்கியது. பலத்தைக் காட்டுவதற்கென்றே ஆதியிலிருந்து கட்டிய சாதனம் என்பதால், குறையைக் காட்டும் பகுதி மெலிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

டெஸ்ட் எப்படி இருக்கும்?

திரையில் இடப்பக்கம் ஒரு வாக்கியம், வலப்பக்கம் ஒரு வாக்கியம். நடுவில் ஐந்து வட்டங்கள். இடது ஓரம் ‘இது அப்படியே நான்’, வலது ஓரமும் அதே, நடு வட்டம் ‘எந்தப் பக்கமும் இல்லை’. மொத்தம் 177 ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் 20 நொடிதான். நேரம் முடிந்தால் அடுத்தது தானாக வந்துவிடும், பின்னால் போய் மாற்ற வழியில்லை.

விளக்கத்துக்காக நாமே ஒரு ஜோடியை அமைத்துப் பார்க்கலாம்: ‘வேலையில் இறங்குமுன் எல்லா விவரத்தையும் படித்துவிடுவேன்’ ஒரு பக்கம், ‘புதிய ஆட்களிடம் சட்டென்று பேச்சுக் கொடுப்பேன்’ மறுபக்கம். இரண்டும் எதிரெதிர் இல்லை. இரண்டுமே உங்களுக்குப் பொருந்தலாம், இரண்டுமே பொருந்தாமலும் போகலாம். நிறையப் பேர் இந்த இடத்தில் எரிச்சலாகி நடு வட்டத்தையே அமுக்கிக்கொண்டு போகிறார்கள். முதலில் நடக்கும் தவறு இதுதான். நடு வட்டம் அதிகமாக அதிகமாக, ஒரு குணத்துக்கும் அடுத்த குணத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் மழுங்கிவிடும். அப்புறம் வரும் வரிசைக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டும் பொருந்துகிறதா? நேற்றும் முந்தாநாளும் எதை நிஜமாகச் செய்தீர்கள் என்று நினைத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ‘மேனேஜர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டு அந்த ஆளுக்காகப் பதில் சொல்வது. பிரமோஷன் நேரத்தில் ஆபீஸே டெஸ்ட் எடுக்கச் சொன்னால் இது அனேகமாக நடந்தே தீரும். அப்படி எடுத்தவருக்கு வரும் ரிப்போர்ட்டில் இருப்பவர் வேறு யாரோ. அதை வைத்து அடுத்த இரண்டு வருடத்தைத் திட்டமிடுவது, பக்கத்து வீட்டுக்காரர் அளவுக்குச் சட்டை தைப்பது போலத்தான்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன முன்னேற்பாடு. காலை நேரம் நல்லது, அதுவும் லீவு நாள். முக்கால் மணி நேரம் யாரும் குறுக்கிடாதபடி உட்காருங்கள். மொபைலைவிட லேப்டாப் வசதி, ஏனென்றால் 20 நொடியில் நான்கைந்து நொடி திரையை நகர்த்துவதிலேயே போய்விடக் கூடாது. நெட்டும் சார்ஜும் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் பல மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தில் எடுப்பவர் வாக்கியத்தைப் படித்து, மனதுக்குள் தமிழில் புரிந்துகொண்டு, ஒப்பிட்டு, தேர்ந்தெடுக்க 20 நொடி பத்தாமல் போகலாம். முதல் பத்து ஜோடிகளுக்குள் வேகம் பிடிபட்டுவிடும், பதற வேண்டாம். பக்கத்தில் மனைவியோ கணவரோ நண்பரோ உட்கார்ந்து ‘இல்லையே, நீ அப்படி இல்லையே’ என்று சொல்ல விடாதீர்கள். அவர்கள் கருத்துக்கு வேறு இடம் இருக்கிறது, கீழே வருவோம்.

முடிவு பிடிக்கவில்லை என்று திரும்ப எடுக்கவும் வேண்டாம். முதல் தடவை எடுத்ததே நம்பகமானது என்று கேலப்பும் சொல்கிறது. இரண்டாம் தடவை எந்த ஜோடி எதை அளக்கிறது என்று ஊகித்துக்கொண்டே பதில் சொல்வீர்கள். காசும் இரண்டு தடவை.

ரிப்போர்ட்டை வாசிக்கும் விதம்

34 குணங்களும் நான்கு பிரிவுகளில் நான்கு நிறங்களில் வரும். வேலையைச் செய்து முடிப்பது ஊதா, மற்றவரை இசைய வைப்பது ஆரஞ்சு, உறவைக் கட்டுவது நீலம், யோசித்துத் திட்டமிடுவது பச்சை. முதல் பத்துக்கு நீண்ட விளக்கம், 11 முதல் 34 வரை சுருக்கமாக. முன்வரிசையில் உள்ள குணங்களுக்குக் கீழே ‘கவனிக்காமல் விடும் இடங்கள்’ என்ற பொருளில் இரண்டொரு வரி இருக்கும். பலரும் தாண்டிப் போகும் அந்த வரிகளில்தான் கொடுத்த காசில் பாதி இருக்கிறது.

வரிசை எண்ணை மார்க் என்று நினைத்துவிடக் கூடாது. இது உங்களுக்குள்ளேயே எது முன்னால், எது பின்னால் என்று காட்டும் வரிசை. உங்களுக்கு ‘கம்யூனிகேஷன்’ 3-ஆம் இடத்திலும் உங்கள் நண்பருக்கு 12-ஆம் இடத்திலும் இருந்தால், நீங்கள் அவரைவிட நன்றாகப் பேசுகிறீர்கள் என்று அர்த்தமில்லை. 5-ஆம் இடத்துக்கும் 6-ஆம் இடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதும் ரிப்போர்ட்டில் கிடையாது. நூலிழையாக இருக்கலாம், பெரிய பள்ளமாகவும் இருக்கலாம். முதல் 5 மட்டும் வாங்குவதில் உள்ள குறை இதுதான்: கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் 6, 7, 8 உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

34-இல் இருந்து 5-ஐத் தேர்ந்தெடுக்க 2,78,256 வழிகள் உண்டு. வரிசையையும் சேர்த்தால் 3 கோடியே 33 லட்சத்தைத் தாண்டும். ‘உங்களைப் போல் இன்னொருவர் கிடைப்பது அரிது’ என்று விளம்பரம் செய்ய இந்தக் கணக்கு உதவும். ஆனால் ரிப்போர்ட்டில் உங்களைப் பற்றி வரும் பத்தி உங்களுக்குத்தான் பொருந்துகிறதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். அப்புறம் எல்லோர் கையிலும் ஒரே குறிப்பைக் கொடுத்து, ‘இது உங்களைப் பற்றியது, எவ்வளவு பொருந்துகிறது?’ என்று கேட்டார். 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் கொடுத்தார்கள். நம்மைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தால் நம் தலை தானாக ஆடும்.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது, ஒரு மணி நேரம்கூட ஆகாது. உங்கள் முதல் குணத்தின் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரிசையில் 30-ஆம் இடத்துக்குப் பின்னால் உள்ள ஒன்றின் பத்தியையும் எடுங்கள். தலைப்பு, பெயர் எல்லாம் நீக்கி, கூடவே வேலை பார்க்கும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து ‘இதில் எது நான்?’ என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேரும் சரியாகச் சொன்னால் அந்தப் பத்தியை நம்பி மேலே போகலாம். இரண்டு பேர் மாற்றிச் சொன்னால், அந்தக் குணம் உங்கள் மனதில் இருக்கிறது, நடத்தையில் வெளியே வரவில்லை என்று பொருள். பத்தியை அடிக்க வேண்டாம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

பலம் கூடிப்போனால்

நன்றாக வரும் வேலையையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். தனி ஆளாக இருந்தபோது கைதட்டல் வாங்கித் தந்த குணம், பத்துப் பேருக்குத் தலைவரான பிறகு அதே அளவில் ஊற்றினால் கெட்டுவிடும். சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘ரெஸ்பான்சிபிலிட்டி’ முதலிடத்தில் வந்தவரை எடுத்துக்கொள்வோம். சொன்னால் செய்துவிடுவார், அதனால்தான் லீட் ஆனார். லீட் ஆன பிறகும் எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். டீமின் வேலைப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: நிலுவையில் உள்ள 20 வேலைகளில் 9-க்கு நேரே அவர் பெயர். ஒருவரிடம் கொடுத்த வேலையையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘விடு, நான் பார்த்துக்கறேன்’ என்று திரும்ப வாங்கிக்கொள்கிறார். திரும்ப வாங்கிக்கொண்ட லீடுக்கு அது உதவி. திருப்பிக் கொடுத்தவருக்கு அது ‘உன்னை நம்பவில்லை’ என்ற சேதி. இரண்டு வருடம் கழித்து அந்த டீமில் தனியாக ஒரு வேலையை முடிக்கத் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். சரி செய்வதற்கும் அந்தப் பட்டியலே போதும்: தன் பெயரில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு. நான்காவது வந்தால் ஒன்றைக் கைமாற்றியே ஆக வேண்டும். கைமாற்றியதைத் திரும்ப வாங்கக் கூடாது.

‘ஹார்மனி’ முன்னால் இருப்பவரின் டீமில் சண்டையே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் அழகு. உள்ளே, ஆறு மாதமாக ஒருவர் வேலையில் சறுக்கிக்கொண்டிருப்பார், அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்ரைசல் அன்றுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுவார். முகம் சுருங்கும். ‘இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்’ என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் நாள் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்: குறை கண்ணில் பட்டால் மூன்று வேலை நாளுக்குள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது.

‘ரெஸ்டோரேட்டிவ்’ உள்ளவர் கோளாறைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். 40 பக்க வேலையில் 2 பக்கத் தவறைச் சரியாகத் தொடுவார், மீதி 38-ஐப் பற்றி வாயே திறக்க மாட்டார். ‘கமாண்ட்’ உள்ளவர் மீட்டிங்கில் முதலில் பேசிவிடுவார், அப்புறம் யாருக்கும் பேச ஒன்றும் இருக்காது. கடைசியாகப் பேசுவது என்ற ஒரே ஒரு பழக்கம் அவருக்குப் பாதி மருந்து. ‘இன்புட்’, ‘லேர்னர்’ இரண்டும் சேர்ந்து முன்னால் இருந்தால் தகவல் சேர்த்துக்கொண்டே இருப்பார், முடிவு தள்ளிப் போகும்.

சரி, பட்டியலின் அடிப்பக்கம்? அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 34-ஆம் இடத்தில் ‘எம்பதி’ இருந்தால் உங்களுக்கு ஈரமே இல்லை என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை, அது உங்களுக்குத் தானாக வருவதில்லை என்று மட்டும் அர்த்தம். உங்கள் வேலைக்கு அது தினமும் தேவையா என்று பாருங்கள். தேவை என்றால் மூன்று வழி: ஒரு பழக்கமாக நாட்குறிப்பில் எழுதிச் செய்வது, அது தானாக வரும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, வேறொரு பலத்தால் அந்த வேலையை முடிப்பது. தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டீமிடம் கேட்காமல் முடியாது

177 கேள்விக்கும் பதில் சொன்னவர் நீங்கள் ஒருவரே. உங்களுக்குத் தெரியாமல் மற்றவருக்கு மட்டும் தெரிந்த பகுதி ஒன்று எல்லோரிடமும் உண்டு. 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற உளவியலாளர்கள் இருவரும், நமக்குத் தெரிந்தது எது, மற்றவருக்குத் தெரிந்தது எது என்று நான்கு கட்டங்களாகப் பிரித்து வரைந்த ஜோஹாரி ஜன்னலில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை டாலர் கொடுத்தாலும் தன்னைத் தானே மதிப்பிடும் டெஸ்ட் எதுவும் அந்தக் கட்டத்துக்குள் போகாது.

இதற்கென்று காசு கொடுத்து வாங்கும் சாதனங்களும் உண்டு. ஜேம்ஸ் கூசெஸ், பேரி போஸ்னர் என்ற தலைமைத்துவ ஆய்வாளர்கள் இருவரும் உருவாக்கிய எல்.பி.ஐ. (லீடர்ஷிப் பிராக்டிசஸ் இன்வென்டரி) நல்ல உதாரணம். தலைமையை ஐந்து செயல்பாடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 என்று மொத்தம் 30 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்று 1 முதல் 10 வரை நீங்களும் போடுவீர்கள், கூட வேலை பார்ப்பவர்களும் போடுவார்கள். ஒரு செயல்பாட்டுக்கு உங்கள் கணக்கில் 60-க்கு 52, மற்றவர் கணக்கில் 38 என்று வந்தால், பேச வேண்டிய விஷயம் அந்த 14-இல் இருக்கிறது. குணத்தைக் கேட்காமல் செயலைக் கேட்பதால், தலைமையை மட்டும் அளக்க வேண்டும் என்றால் கிளிஃப்டனைவிட இதைத்தான் முன்னால் வைக்கத் தோன்றுகிறது.

அந்த அளவுக்குச் செலவு வேண்டாம் என்றால் நீங்களே கேட்கலாம். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். நம் ஆபீஸ்களில் ‘என்னிடம் என்ன குறை?’ என்று மேனேஜர் கேட்டால் ‘அப்படி ஒண்ணும் இல்லை சார்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. கருத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேளுங்கள்: ‘போன மூன்று மாதத்தில் என்னால் உங்கள் வேலை தாமதமான ஒரு தடவையைச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை நாள்?’ இது ஒரு கேள்வி. ‘நான் எதைச் செய்தால் உங்கள் வேலை சுலபமாகிறது?’ இன்னொன்று. ‘நான் எதை நிறுத்த வேண்டும்?’ மூன்றாவது. மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் நான்கைந்து பேராவது அதில் இருக்கட்டும். பதில்களை நீங்கள் நேரடியாக வாங்காமல், வேறு டீமில் நம்பிக்கையான ஒருவரை வாங்கித் தொகுக்கச் சொல்லுங்கள். கூகுள் ஃபார்ம் வைத்தால் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பையும் அணைக்க வேண்டும், ஏனென்றால் அது கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பெயர் பதிவாகாவிட்டாலும் அந்தத் திரையைப் பார்த்ததுமே பாதிப் பேர் அடக்கி வாசிப்பார்கள். தமிழிலோ தங்கிலீஷிலோ எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று மேலே போட்டுவிடுங்கள். தொகுப்பவர் ஆளின் நடை தெரியாதபடி வாக்கியங்களைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். டீமில் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் இந்த முறையே ஒத்துவராது, யார் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

அப்ரைசலுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் இதைத் தொடாதீர்கள். பதில் கைக்கு வந்த பிறகு, ‘இதை யாரு எழுதினது?’ என்று ஒரு தடவை கேட்டாலும் எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் எட்டுப் பேரும் நல்ல வார்த்தையாக எழுதுவார்கள். பத்து நாளுக்குள் டீமைக் கூப்பிட்டு நன்றி சொல்லி, மாற்றிக்கொள்ளப் போகும் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும்.

இப்போது கிளிஃப்டன் ரிப்போர்ட்டையும் இந்தப் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘சார் எல்லாத்தையும் அவரே செய்றார்’ என்று மூன்று பேர் எழுதியிருப்பார்கள். ரிப்போர்ட்டில் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ 2-ஆம் இடத்தில் இருக்கும். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று தெரியும்போதுதான் 60 டாலருக்கு மதிப்பு வருகிறது.

வாங்குமுன்

முதல் 5-ஐ மட்டும் வாங்கிவிட்டு, தேவைப்பட்டால் பிறகு பணம் கட்டி முழுதாக்கிக்கொள்ள வசதி உண்டு. மேலே சொன்ன டீம் கேள்விகளைச் செய்யப் போகிறவர்களுக்கு முழு ரிப்போர்ட் தகும். செய்யப் போவதில்லை என்றால் 25 டாலரோடு நிறுத்திக்கொள்ளலாம். கேலப் வெளியிட்ட புத்தகத்தின் பின்பக்கம் ஒட்டிய உறைக்குள் ஒரு குறியீடு வரும், அதை வைத்தும் டெஸ்ட் எடுக்கலாம். ஆனால் ஒரு குறியீடு ஒருவருக்குத்தான். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கினால் உறை கிழிந்திருக்கும், குறியீடு செலவாகியிருக்கும்.

ஆபீஸ் வாங்கிக் கொடுத்த குறியீடு என்றால், முடிவை யார் யார் பார்க்கலாம் என்று எடுக்கும் முன்பே எச்.ஆரிடம் கேளுங்கள். ஆள் எடுக்கவும் பதவி உயர்வு கொடுக்கவும் இது செய்யப்பட்டதல்ல என்று கேலப் நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதை மீறி யாராவது ‘உனக்குக் கமாண்ட் 29-ஆம் இடம், அதனால் லீட் ஆக முடியாது’ என்றால், தயங்காமல் அதை எடுத்துக் காட்டுங்கள்.

ஒரு பைசா செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது, டெஸ்ட் எடுத்தவர்களும் கூடவே செய்யலாம். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் ட்ரக்கர் பரிந்துரைத்தது: முக்கியமான முடிவு ஒன்றை எடுக்கும்போது, அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதி வைப்பது, 9 அல்லது 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுவது. நோட்டில் இப்படி ஒரு வரி போதும்: ‘ஜூன் 3. புது ஆளை நேரடியாகக் கிளையன்ட் வேலையில் போடுகிறேன். செப்டம்பருக்குள் தனியாகச் செய்வார்.’ மார்ச்சில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பக்கத்திலேயே நடந்ததை எழுதுங்கள்: ‘டிசம்பர் ஆனது. முதல் இரண்டு மாதம் அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை.’ இப்படி எட்டுப் பத்து வரி சேர்ந்த பிறகு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, ஓரத்தில் கேள்விக்குறி போட்ட பத்திகளைப் படித்துப் பாருங்கள்.